சேதுவின் இடது முன்னங்கால் பற்றி

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பாட்டிக்குக் கண் அறுவை முடிந்து, தினம் நான்கு வேளை சொட்டு மருந்து விடுகிறோம். அப்பாவின் சர்க்கரை பரவாயில்லை. போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் விட்டுவிட்டு அப்புறம் படி.

முதலில் சேதுவின் இடது முன்னங்கால். டபுளில், அடுத்தடுத்து வைத்த இரண்டு தடைகளில் இரண்டாவதில், குதிரை நின்றுவிட்டது, காலில் கட்டை பட்டது, இப்போது வீக்கம் எதுவும் இல்லை என்று லாயத்தில் அதைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் அண்ணன் சொன்னார். முதல் நாள் வீக்கம் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. தசைநாணில் அடி பட்டிருந்தால் சூடும் வீக்கமும் இரண்டாம் நாள், மூன்றாம் நாள்கூட வரும். காலையில், வேலை எதுவும் கொடுப்பதற்கு முன் பார். இரவெல்லாம் பேண்டேஜ் கட்டியிருந்தால் அவிழ்த்து அரைமணி நேரம் விட்டுவிட்டுத் தொடு, இல்லாவிட்டால் கட்டின் சூடு உன்னை ஏமாற்றும். காலைத் தூக்கி மடக்கிப் பிடித்து, பாரம் இல்லாத நிலையில், பின்பக்கத் தசைநாணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, முழங்காலுக்குக் கீழிருந்து கணுமூட்டு வரை அங்குலம் அங்குலமாக இறங்கு. வலது காலையும் அப்படியே பார். ஒரே இடத்தில் அழுத்தும்போது மட்டும் காலை இழுத்தால் அங்கேதான் கோளாறு.

பிறகு கெட்டித் தரையில், நேர்கோட்டில், கயிற்றைத் தளர்வாக விட்டு, மெதுவோட்டமாக ட்ராட் ஓட்டச் சொல். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் படும்போது தாழும். நடையில் தெரியாதது ட்ராட்டில் தெரிந்துவிடும். அதைவிட வேகமான கேன்டரில் மறுபடி மறைந்துவிடும். "கேன்டர்ல நல்லாத்தான் இருக்கு" என்று யார் சொன்னாலும் கேட்காதே.

இன்னும் பன்னிரண்டு நாளில் டெல்லிப் போட்டி என்கிறீர்கள். பெங்களூரிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். குதிரை ஏற்றும் ஃப்ளோட் வண்டியில் ஏற்றியதும் தலையை உயரக் கட்டி அப்படியே ஓட்டிக்கொண்டு போவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேர்கிற தூசியும் சளியும் வெளியே வரும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தலை உயர்ந்தே இருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கும். பயணம் முடிந்த இரண்டாம் நாள் காய்ச்சல் வருவது இதனால்தான். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, கயிற்றை அவிழ்த்து, இருபது நிமிடமாவது தலையைத் தொங்கவிட வையுங்கள். காய்ந்த புல்லை நனைத்துக் கொடுங்கள். சேது ஊர்த் தண்ணீர் மாறினால் குடிக்காது, உனக்கே தெரியும். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துப் பழக்கிவிட்டால், வழியில் எந்தத் தண்ணீரில் அதே வெல்லத்தைக் கரைத்தாலும் குடிக்கும். கொள்ளையும் ஓட்ஸையும் முந்தின நாளே பாதியாகக் குறைத்துவிடு, நின்றுகொண்டே போகிற குதிரைக்குத் தீனி வழக்கம்போல் கொடுத்தால் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். போய்ச் சேர்ந்த பிறகு மூன்று நாள், காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எழுதி வை. 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் யாருக்காகவும் காத்திருக்காமல் அங்குள்ள டாக்டரைக் கூப்பிடு.

இதெல்லாம் நீ என்னிடம் எத்தனையோ முறை கேட்டது. நான் இல்லாவிட்டாலும் நீ செய்வாய். போன மாதம் ஜம்ப்-ஆஃப் என்கிற கடைசி முடிவுச் சுற்று வீடியோவில், ஆக்ஸர் என்கிற அகலத் தடையைத் தாண்டி இறங்குவதற்கு முன்பே அடுத்த தடையைத் தலை திருப்பிப் பார்த்தாயே, அந்த உள்வளைவை அப்பா ஏழு தடவை ஓட்டிப் பார்த்தார். கிண்டி ரேஸில் ஓடி முடித்து யாரும் வேண்டாம் என்ற குதிரையை அப்படித் திரும்ப வைத்தவள் நீ. பெருமையாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டேன் என்று நினைக்காதே.

ஆனால் கயல், செவ்வாய்க்கிழமை நீ நுழைவுக் கட்டணம் கட்டியாச்சா என்று கேட்டாய். கட்டியாச்சு என்றேன். வியாழக்கிழமை அதையே, அதே வார்த்தைகளில் கேட்டாய். நீ அனுப்பிய போட்டோவில் லாயத்து நிழலில் நின்றுகொண்டு கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாய். சைஸ் அண்ணன் சேதுவைப் பற்றிக் கால்மணி நேரம் பேசிவிட்டு, வைக்கும்போது, "பாப்பாதான் பகல்லயும் தூங்குது" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. குதிரை டபுளின் நடுவில் சட்டென்று நின்றால் மேலே இருப்பவள் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியாதா?

ஹெல்மெட்டை மாற்றினாயா?

வெளியே கீறல்கூட இல்லை என்று சொல்வாய். உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மோகோல் மாதிரியான அடுக்குதான் அடியை வாங்குகிறது. அது நசுங்கி, தான் கெட்டுப்போய்த்தான் தலையைக் காப்பாற்றும். நசுங்கியது திரும்ப எழும்பாது. அடுத்த அடி விழும்போது அங்கே காப்பாற்ற எதுவும் மிச்சம் இருக்காது. தலையில் ஒரு முறை அடி பட்டால் அந்த ஹெல்மெட்டின் ஆயுள் முடிந்தது, அது போன மாதம் வாங்கியதாக இருந்தாலும் சரி. புதுசா இருக்கே என்று சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதே. வாரை வெட்டித் தனியாக எடுத்து வை. புதியது வாங்கும்போது முடியை வழக்கமாகப் போட்டியில் கட்டுகிற மாதிரியே கட்டிக்கொண்டு போட்டுப் பார். குனிந்து தலையை ஆட்டினால் ஹெல்மெட்டோடு புருவத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும், ஹெல்மெட் மட்டும் தனியாக அசைந்தால் அது பெரிசு. மதிய வெயிலில் வண்டிக்குள் விடாதே.

இனிச் சுற்றி வளைக்கவில்லை. உனக்கு மூளை அதிர்வு ஏற்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். மயங்கி விழுந்தால்தான் அது என்பதில்லை. வெளிச்சம் கூசுவது, கேட்டதையே கேட்பது, பகல் தூக்கம், காரணமில்லாத எரிச்சல், மூன்றும் நான்கும் சேர்ந்தால் அதுதான். சி.டி. ஸ்கேன் எடுத்து ஒன்றும் இல்லை என்றார்கள் என்று சொல்லாதே. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும், அதிர்வை அது காட்டாது. வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி நேரம் ஆக ஆகக் கூடினாலோ, ஒரு கண்மணி பெரிதானாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ, எழுப்பினால் எழ முடியாமல் தூங்கினாலோ, அது வேறு விஷயம். ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. பக்கத்து அறைப் பெண்ணிடம் இந்த வரிகளைக் காட்டி வை.

டெல்லியில் 350 வேகம் வைத்திருக்கிறார்கள் என்றாய். நிமிடத்துக்கு 350 மீட்டர் என்றால் வினாடிக்கு ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உன் கண் பார்த்ததை உன் கை செய்ய அரை வினாடி தாமதமானால் சேது மூன்று மீட்டர் போய்விட்டிருக்கும். அதற்கு ஒரு ஸ்ட்ரைட், அதாவது ஒரு பாய்ச்சலே, மூன்றரை மீட்டர்தான். டபுளின் நடுவில் இருப்பதே ஒன்றோ இரண்டோ ஸ்ட்ரைட். போட்டிக்கு முன் தடைகளுக்கு நடுவே நடந்து அளக்கும்போது உன் நாலு எட்டுக்கு ஒரு ஸ்ட்ரைட் என்று எண்ணி எண்ணி வைத்ததெல்லாம் அந்த அரை வினாடியில் போய்விடும். அவசரப்பட்டு ஏறினால் மறுபடி விழுவாய். முதல் அதிர்வு ஆறும் முன் இரண்டாவது விழுந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத மாட்டேன், உனக்குத் தெரியும்.

நாம் குதிரைக்கு எவ்வளவு செய்து வைத்திருக்கிறோம் பார். மூன்று வகைச் சோதனை கொண்ட ஈவென்டிங் போட்டியில் நடுவர்கள் முன்னால், டாக்டர் முன்னால், ட்ராட் ஓட்டிக் காட்டாமல் குதிரையை இறக்க முடியாது. எண்டூரன்ஸ் நெடுந்தூரப் போட்டியில் இத்தனை நாள் கட்டாய ஓய்வு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வலி மாத்திரை கொடுத்து நொண்டலை மறைத்தால் ரத்தத்தில் கண்டுபிடித்துத் தடை போடுகிறார்கள். மேலே உட்காருகிற பிள்ளைக்கு அப்படி ஒரு ட்ராட் இல்லை. விழுந்து எழுந்தால் டாக்டர், "எப்படி இருக்கு?" என்பார், நீ, "நல்லா இருக்கேன்" என்பாய், அடுத்த போட்டிக்கு வார்ம்-அப் பண்ணப் போய்விடுவாய். குதிரைக்குப் பொய் சொல்லத் தெரியாது, உனக்குத் தெரியும். அதை உனக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்றும் எனக்குத் தெரியும்.

உனக்குப் பதினான்கு வயது. இரவல் குதிரை, அதன் விலை என் மூன்று வருடச் சம்பளம். டிரிபிள் பார் தடையில் இருவரும் விழுந்தீர்கள். நான் ஓடி வந்தேன். ஓடி வந்து குதிரையின் காலைப் பிடித்தேன். இரண்டு முன்னங்காலையும் தடவிப் பார்த்து, நடத்திப் பார்த்து, மூச்சை எண்ணி, எல்லாம் முடிந்த பிறகுதான் உன் பக்கம் திரும்பினேன். மணலில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்லம்மா, குதிரைக்கு என்னாச்சு?" என்றாய். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று நினைத்தேன். எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். "விழுந்தா உடனே ஏறணும், இல்லாட்டி பயம் தங்கிடும்" என்று உன்னை அன்றைக்கே ஏற்றியும் விட்டேன். அன்று ராத்திரி நீ சாப்பாட்டை வாந்தி எடுத்தாய். வெயில் என்றேன். கால்நடை மருத்துவம் படித்தவள், அதே வாந்தியை ஒரு நாய்க்குட்டி எடுத்திருந்தால் விடிய விடிய விழித்திருப்பேன். உனக்கு மோர் கொடுத்துத் தூங்க வைத்தேன். மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ உடனே, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்பாய். அதைத்தான் நான் கேட்கப் பயப்படுகிறேன்.

இப்போது செய்ய வேண்டியது. மருத்துவரைப் பார்க்கும்வரை குதிரை மேல் ஏறாதே, சேதுவை நடத்தவும் வேண்டாம், அது ஒரு இழு இழுத்தால் போதும். முதல் இரண்டு நாள் தூக்கமும் சும்மா இருப்பதும்தான். போனைக் குறை. இந்தக் கடிதத்தையே பாதியில் நிறுத்தினாலும் சரி. தலைவலிக்குப் பாராசிட்டமால் மட்டும், வேறு வலி மாத்திரை தொடாதே. பிறகு மெதுவாக இருபது நிமிட நடை. அது ஒத்துக்கொண்டால் மறுநாள் நிற்கும் சைக்கிள். லாயம் கூட்டுவதும் புல் கட்டு தூக்குவதும் இலேசான வேலை இல்லை, குனிந்து நிமிர்ந்தால் தலைக்கு ஏறும், அவை அப்புறம்தான். அறிகுறி ஒன்றுகூட இல்லாமல், மருத்துவரும் சரி என்று சொன்ன பிறகு, சாதுவான கிழக்குதிரை ஒன்றில் நடையும் ட்ராட்டும். அதற்கு அடுத்த நாள் கேன்டர். அப்புறம் தரையில் கிடக்கும் கட்டைகள். ஜம்ப் கடைசியில். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள். எந்தப் படியில் தலைவலி திரும்பினாலும் முந்தைய படிக்கு இறங்கு. சேதுவுக்குத் தசைநாண் கிழிந்திருந்தால் நடையிலிருந்து ட்ராட்டுக்குப் போகவே வாரக்கணக்கில் காத்திருப்பாய், முகம்கூடச் சுளிக்க மாட்டாய். அந்தப் பொறுமையில் கொஞ்சம் உனக்கும் வை.

பிரிட்டனில் 2023-இல் தொழில்முறை அல்லாத எல்லா விளையாட்டுக்கும் பொதுவாக வழிமுறை எழுதினார்கள், அதில் அடி பட்டு 21 நாளுக்கு முன் போட்டி கிடையாது. டெல்லி இன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள். கணக்கு நீயே போட்டுக்கொள். கட்டிய பணம் போகட்டும். ஸ்டேபிளிங் பணமும் போகட்டும். கோச்சிடம் சொல்லத் தயங்கினால் நான் சொல்கிறேன், ஆனால் நீ சொல்வதுதான் நல்லது. உன்னைவிட வயதில் சிறிய பிள்ளைகள் அந்த லாயத்தில் ஆறு பேர் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு சீசன் போனால் எல்லாம் போயிற்று என்று நினைப்பாய். 2021-இல் நாம் எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து டோக்கியோ பார்த்தோமே. ஃபுவாத் மிர்சா 23-ஆவதாக வந்தார். பெங்களூர்ப் பையன், அவர் அப்பாவும் குதிரை டாக்டர் என்று நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். சிட்னி 2000-க்குப் பிறகு ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் நம் நாட்டிலிருந்து ஒருவர் போக இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அப்போது அவருக்கு வயது 29. உனக்கு இருபதுதான் ஆகிறது.

ஹெல்மெட்டை மாற்று. ஏற்கெனவே எழுதிவிட்டேன், பரவாயில்லை, மறுபடி எழுதுகிறேன்.

புதன்கிழமை பிருந்தாவனில் வருகிறேன். அப்பா டிக்கெட் எடுத்துவிட்டார். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், அறையிலேயே இரு. நேராக உன்னிடம் வந்துவிட்டு, டாக்டரிடம் போய்விட்டு, லாயத்துக்கு மறுநாள் போகலாம். சேதுவின் காலை சைஸ் அண்ணன் பார்த்துக்கொள்வார்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: தலைச் சுற்றளவை அளந்து அனுப்பு. தையல் டேப்பால், புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே, காதுக்கு மேலாகப் பின்னால் தலை புடைத்திருக்கும் இடம் வழியாக, சென்டிமீட்டரில். நீயே அளக்காதே, பக்கத்து அறைப் பெண்ணை அளக்கச் சொல். இடிபட்ட இடம் வலித்தால் அங்கே இறுக்க வேண்டாம் என்று சொல்.