பழைய கணினிகளும் அவற்றுக்கு உலாவி செய்து தருவோரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததையொட்டித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, பத்தாண்டு கடந்த கணினிகளை வாசகர்கள் கழித்துவிடுவதே நல்லது என்று முடிந்திருந்தது. பாதுகாப்பு குறித்துக் கட்டுரையாளர் சொன்னவை பெரும்பாலும் சரியே. ஆனால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி எதனால் பயனற்றுப் போகிறது, அதைப் பயனில் வைத்திருக்க யார் உழைக்கிறார்கள் என்பதை அவர் தொடவே இல்லை. கணினியில் புத்தகப் பக்கம் அமைக்கும் டி.டி.பி. தொழிலிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

என் மேசையில் 2003ஆம் ஆண்டு வாங்கிய, ஆப்பிள் நிறுவனத்தின் பவர் மேக் ஜி4 கணினி ஒன்று இருக்கிறது. போட்டவுடன் மாவு மில் ஓடுவதைப்போல் அதன் விசிறிகள் இரையும். மற்றபடி அதற்கு ஒரு குறையும் இல்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவாத காலத்தில், ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவை வைத்திருந்தபோது, பேஜ்மேக்கர் என்ற பக்கமைப்பு மென்பொருளில் நான் பக்கமைத்த புத்தகங்கள் எல்லாம் அதில்தான் உள்ளன. மேக்கிற்கான பேஜ்மேக்கர் 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அது மேக் ஓஎஸ் 9 என்ற பழைய இயங்குதளக் காலத்து மென்பொருள் என்பதால், அடுத்து வந்த ஓஎஸ் எக்ஸில் ‘கிளாசிக்’ என்ற வசதிக்குள்தான் ஓடும். அந்த வசதியோ ‘டைகர்’ எனப்படும் 10.4 பதிப்போடு முடிந்து, 2007இல் வந்த 10.5இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே நான் 10.4ஐ விட்டு நகர முடியாது. காலமான எழுத்தாளர் ஒருவரின் மகன் மறுபதிப்புக்காக வந்து, முன்னுரையில் மூன்று வரி மாற்றினால் போதும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய கோப்பை இதில் திறந்து, வரியை மாற்றி, பி.டி.எஃப். ஆக்கி அன்றைக்கே அனுப்பிவிடலாம். வேறு கணினியில் திறந்தால் கொம்பு ஓரிடம், துணைக்கால் ஓரிடம் என்று சிதறி, முந்நூறு பக்கத்துக்கும் மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்படி அனுப்புவதற்குத்தான் உலாவி வேண்டும். ஆப்பிள் நிறுவனம், என் ஜி4இல் உள்ளது போன்ற பவர்பிசி சில்லுகளை விட்டு இன்டெல்லுக்கு மாறுவதாக அறிவித்தது 2005இல். 2011 மார்ச்சில் வந்த, மோசில்லா அமைப்பின் ஃபயர்ஃபாக்ஸ் 4 உலாவி, பவர்பிசி மேக்குகளைக் கைவிட்டது. அதன்பின் வட்டும் நினைவகமும் திரையும் நல்ல நிலையில் இருக்க, தளங்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் திறக்க மறுத்தன. இதற்குக் காரணம் கணினியின் வேகம் மட்டுமன்று. பாதுகாப்பான இணைப்புக்குத் தளங்கள் டிஎல்எஸ் 1.2 என்ற நெறிமுறையைக் கேட்கத் தொடங்கின. டைகரோடு வந்த சஃபாரி உலாவிக்கு அது தெரியாது. தளம் உண்மையானதுதான் என்று சரிபார்க்க உதவும் மூலச் சான்றிதழ்களுக்கும் காலாவதி நாள் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று அப்படியொரு சான்றிதழ் காலாவதியானபோது, புதிய சான்றிதழ் ஏறாத பழைய கருவிகள் பல திணறின. ஃபயர்ஃபாக்ஸ் வழிவந்த உலாவிகள் நெறிமுறையையும் சான்றிதழ்ப் பட்டியலையும் தம்முடனேயே எடுத்துவருவதால், இயங்குதளம் எவ்வளவு பழையதானாலும் இந்த இரண்டு தடைகளையும் கடந்துவிடுகின்றன.

என் கணினியைப் பொறுத்தவரை அந்த வேலையைச் செய்தது ‘டென்ஃபோர்ஃபாக்ஸ்’. 10.4 என்ற பதிப்பு எண்ணே அதன் பெயர். கேமரன் கைசர் என்ற அமெரிக்க நிரலாளர் யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளத்தக்க ஃபயர்ஃபாக்ஸின் திறந்த மூல நிரலை எடுத்து, 2010 முதல் 2021 வரை, பெரும்பாலும் தம் சொந்த நேரத்தில், இதை நடத்தினார். இன்டெல் சில்லும் பவர்பிசியும் ஓர் எண்ணின் பைட்டுகளை எதிரெதிர் வரிசையில் வைப்பவை; ஒன்றை மனத்தில் வைத்து எழுதிய நிரலை மற்றொன்றில் அப்படியே ஓட்டினால் படத்தில் சிவப்பு நீலமாகத் தெரியக்கூடும். மோசில்லா எழுதும் நிரலில் இப்படிப்பட்ட இடங்களைத் தேடித் திருத்தவேண்டும். தளங்களை இயங்கவைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டை வேகமாக ஓட்டும் பகுதியைப் பவர்பிசிக்கென்று அவரே தனியாக எழுதினார். ஜி3, இருவகை ஜி4 (7400, 7450), ஜி5 என நான்கு சில்லுகளுக்கும் நிரலைத் தனித்தனியே தொகுத்து, அதாவது ஓடும் வடிவுக்கு மாற்றி, வெளியிட்டார். புதிய ஃபயர்ஃபாக்ஸுக்கு ரஸ்ட் என்ற நிரல்மொழி கட்டாயமான பிறகு, இந்த மேக்குகளில் அதைத் தொகுக்க வழியில்லை. ஆகவே 2016இல் வந்த 45ஆம் பதிப்பையே அடித்தளமாக நிறுத்திக்கொண்டு, மோசில்லா பின்னால் வெளியிட்ட பாதுகாப்புத் திருத்தங்களில் எவை தம் நிரலுக்குப் பொருந்தும் என்று பார்த்து, கையாலேயே அவற்றைப் பழைய நிரலில் பொருத்தி வந்தார். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப்போடுவது போன்ற வேலைதான். ஆனால் துணி ஒரு நெசவு, ஒட்டு வேறொரு நெசவு.

இந்த உழைப்பைப் பயன்படுத்துவோரில் என்னைப் போன்றவர்களின் நடத்தையும் சொல்லத்தக்கதே. உலாவி மிக மெதுவாக இருக்கிறதென்று காரசாரமாக ஒரு முறையீட்டை எழுதி முடித்துவிட்டு, அனுப்புவதற்கு முன் வழிமுறைகளைப் படித்தேன். என் சில்லு 7450 வரிசையைச் சேர்ந்தது. நானோ 7400க்கான தொகுப்பை நிறுவியிருந்தேன். ஒரு காசும் கொடுக்காமல் பெற்ற பொருளின்மீது எவ்வளவு எளிதாகக் கோபம் வருகிறது என்று அன்று வெட்கமாக இருந்தது. 2021இல் அவர் முறையான வெளியீடுகளை நிறுத்தியதை யாரும் குறைசொல்ல முடியாது. மூல நிரல் எல்லாருக்கும் திறந்தே இருந்ததால், அதைக் கொண்டு வேறு சிலர் உலாவிகளைத் தொகுக்க முடிந்தது.

விண்டோஸிலும் கதை இதுவே. குரோம் 2023 ஜனவரியில் 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 115இன் நீண்டகாலப் பதிப்பை மட்டும் மோசில்லா பழைய விண்டோஸ்களுக்காகத் தவணை தவணையாக நீட்டித்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு ‘மைபால்’, எக்ஸ்பி முதல் 8.1 வரை ‘சூப்பர்மியம்’ என்று தன்னார்வலர்கள் செய்த உலாவிகள் உண்டு. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் மாணவர்கள் பெற்ற கணினிகளும் விண்டோஸ் 7 காலத்தவையே என்பதால், இது யாரோ சில மேக் பைத்தியங்களின் விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

இவற்றை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாம் என்று நான் சொல்லவில்லை. வங்கிக் கணக்கை என் ஜி4இல் நான் திறந்ததில்லை, திறக்கவும் மாட்டேன். உலாவிக்குத் திருத்தம் வந்தாலும் அதன் அடியிலுள்ள இயங்குதளத்துக்கு வருவதில்லை. மூல நிரல் வெளியிடப்பட்டிருக்கிறதா, கடைசித் திருத்தம் எப்போது வந்தது என்று பாராமல் கண்ட இடத்திலிருந்து இறக்கிக்கொள்வதும் ஆபத்து. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவத்தக்க கணினியென்றால் அதையே முதலில் பரிந்துரைப்பேன்.

எனது கோரிக்கை இரண்டு. நம் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுச் செயல்திட்டம் என்ற பெயரில் ஆண்டுதோறும் ஒரே வகை மென்பொருளைத் திரும்பத் திரும்பச் செய்யும் மாணவர்களில் நான்கு பேராவது இத்தகைய உலாவி ஒன்றில் ஒரு திருத்தத்தைப் பொருத்திப் பார்க்கலாம். தமிழ் எழுத்துகள் சரியாக விழுகின்றனவா என்று சோதித்து அறிக்கை எழுதினாலும் அது உண்மையான உதவி. அடுத்தது தங்களிடமே. தங்கள் இணையதளத்தில் செய்தி என்பது சில பத்தி எழுத்துதான். அதைச் சுற்றியுள்ள விளம்பரங்களும் தானே ஓடும் காணொளிகளும் வந்து முடிவதற்குள் என் கணினியில் காப்பி ஆறிவிடுகிறது. வெறும் எழுத்தாகச் செய்தியைத் தரும் எளிய பக்கம் ஒன்றை வைத்தால், பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமன்றி, சிக்னல் குறைந்த ஊரில் கைப்பேசியில் படிப்பவர்களுக்கும் உதவும். வாசகர் கடிதம் அனுப்பும் படிவம் முக்கால் மணி நேரம் முயன்றும் இதில் திறக்காததால், இக்கடிதத்தை அதே ஜி4இல் பக்கமைத்து, அச்செடுத்துத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டி.டி.பி. பக்க வடிவமைப்பாளர்,
திருச்சிராப்பள்ளி.