பி.காம் மாணவர்கள் கணக்குப் போடும் முன் கேள்வி கேட்கப் பழகட்டும்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வணிகவியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வணிகப் புள்ளியியல் கற்பிக்கும் ஆசிரியராக இதை எழுதுகிறேன். பாடத்தின் முதல் அலகிலேயே தரவு திரட்டும் முறைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குக் கிடைப்பது சில வகுப்புகளும், முதல்நிலைத் தரவுக்கும் இரண்டாம் நிலைத் தரவுக்கும் வேறுபாடு எழுதச் சொல்லும் ஒரு கேள்வியும்தான். பிறகு சராசரி, இடைநிலை, முகடு, திட்ட விலக்கம், ஒட்டுறவு என்று செமஸ்டர் முழுவதும் கணக்கு. அந்தக் கணக்குகளுக்கான எண்கள் அட்டவணையில் தயாராக அச்சாகி வருகின்றன. அவற்றை யாரிடம், எப்படிக் கேட்டு வாங்கினார்கள் என்று மாணவர் யோசிக்கவே தேவையில்லை.

கேட்கும் முறை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, வீட்டுச் செலவைப் பற்றி விசாரிக்கும்போது பல ஆண்டுகள் 'கடந்த 30 நாள்களில்' என்றே கேட்டுவந்தது. 1999-2000இல் நடந்த 55ஆவது சுற்றில், உணவுப் பொருள்களுக்கு 7 நாள் கணக்கையும் 30 நாள் கணக்கையும் ஒரே குடும்பத்திடம் அடுத்தடுத்துக் கேட்டார்கள். அண்மை நாள்களின் செலவு நன்றாக நினைவிருக்கும். ஒரு மாதச் செலவில் பல விடுபடும். இரண்டையும் ஒருசேரக் கேட்டால், முதலில் சொன்ன பதிலுக்கு ஏற்ப அடுத்ததையும் சரிசெய்தே பலர் சொல்லக்கூடும். அப்போது 30 நாள் செலவு கூடுதலாகப் பதிவாகி, ஏழைகளின் எண்ணிக்கை குறைவாகத் தெரியலாம். அந்தச் சுற்றின்படி, 1993-94இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை விகிதம் சுமார் 26 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இதில் உண்மையான குறைவு எவ்வளவு, வினாநிரலால் வந்தது எவ்வளவு என்று பொருளியலாளர்கள் பல ஆண்டுகள் வாதிட்டார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டனும் இதை ஆராய்ந்தவர்களில் ஒருவர். கோடிக்கணக்கான ஏழைகளைப் பற்றிய ஒரு விவாதம், கேள்விப் படிவத்தின் அமைப்பிலிருந்து கிளம்பியது! சமையல் எண்ணெய் விற்கும் நிறுவனம் வாடிக்கையாளரிடம் விசாரிக்கும்போதும் இதே சிக்கல்தான் வரும். அங்கே வேலைக்குப் போகப்போகிறவர்கள் நம் மாணவர்கள்.

இப்போது செயல்திட்டம் என்ற பெயரில் நடப்பதைப் பாருங்கள். கூகுள் படிவம் ஒன்று தயாராகிறது. வாட்ஸ்அப் குழுவில் நண்பர்களுக்குப் போகிறது. வந்த பதில்களை வைத்து 'தமிழக நுகர்வோரின் மனப்போக்கு' என்று அறிக்கை எழுதப்படுகிறது. படிவத்தை நிரப்பாதவர்கள் யார் என்று எவரும் கேட்பதில்லை. 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, அதிபர் தேர்தலில் லேண்டன் வெல்வார் என்று கணித்தது. ஆனால் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலை அது நம்பியதை வகுப்பில் சொல்கிறோம். சீட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் நான்கில் ஒரு பங்கினரே என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும்.

மாணவரைக் குறைசொல்லி இதை எழுதவில்லை. களத்துக்குப் போவதற்கு நாம் நேரமும் மதிப்பெண்ணும் தரவில்லை. ஒரு செமஸ்டரின் அகமதிப்பெண்ணில் பாதியைக் களப்பணிக்கு ஒதுக்குங்கள். ஊர்ச் சந்தையோ கடைத்தெருவோ போதும். கடைகளின் முழுப் பட்டியலை மாணவர்களே நடந்து தயாரிக்கட்டும். அதிலிருந்து குலுக்கல் முறையில் மாதிரியை எடுக்கட்டும். சில கடைகளில் வினாநிரலை முன்சோதனை செய்து திருத்தட்டும். பதில் சொல்ல மறுத்த கடைகளையும் அறிக்கையில் காட்டட்டும். இந்தியப் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் வங்காளத்துச் சணல் பயிர்க் கணக்கெடுப்பை ஒரேயடியாகப் பெரிதாக நடத்திவிடவில்லை. சில ஆண்டுகள் சிறிய அளவில் சோதித்துப் பார்த்தே விரித்தார். தனித்தனி மாதிரிகளைத் தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்து முடிவுகளை ஒப்பிடும் வழியையும் வகுத்தார். ஒரு வகுப்பை இரண்டு குழுவாகப் பிரித்தால் நாமும் இதைச் செய்யலாம். இரு குழுக்களின் சராசரி ஏன் ஒத்துவரவில்லை என்று அவர்கள் விவாதிக்கும் நாளில் மாதிரிப் பிழை அவர்களுக்குத் தானாகப் புரியும்.

இதற்காகக் குறியீட்டெண் கணக்குகளில் சிலவற்றைக் குறைக்க நேர்ந்தால் குறையுங்கள். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை காண்பதைக் கணினி செய்துவிடும்.

தேர்வுத்தாளிலும் மாற்றம் வேண்டும். "எங்கள் தரமான, மலிவான எண்ணெய் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்பது போன்ற பிழையான வினாக்கள் பத்தைக் கொடுத்து, ஒவ்வொன்றின் குறையையும் சொல்லித் திருத்தி எழுதக் கேளுங்கள். வரும் கல்வியாண்டுக்கான குழுக் கூட்டத்தில் இந்த இரண்டையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வணிகவியல் ஆசிரியர்