அறுப்பின் பண்டிகைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், அக்கம்பக்கத்து உறவுகளுக்கும்,

இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். விளைச்சலின் முதற்பலனைக் கோயிலில் படைக்கும் ஐப்பசி மாதத்து அறுப்பின் பண்டிகை நல்லபடியாக நடந்தேறியது. மைக்கில் "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று ஒரே வரியில் முடித்தால், யார் என்ன செய்தார்கள் என்பது தெரியாமலே போய்விடும். வேதத்தில் உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன் அதை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்புவதில்லை. தன் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள், என்ன பாடுபட்டார்கள், தேவன் எந்த நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தார் என்று வாய்திறந்து சொன்ன பிறகுதான் பணிந்துகொள்கிறான். அந்த முறைப்படியே நாங்களும் ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி சொல்கிறோம். அடுத்த வருஷம் பொறுப்பெடுக்கிறவர்களுக்கும், வீட்டளவில் செய்து பார்க்க நினைக்கிற குடும்பங்களுக்கும் உதவட்டும் என்று செய்முறையையும் கூடவே எழுதுகிறோம்.

முதல் நன்றி வயலில் நிற்கிறவர்களுக்கு. நம் மதுரைப் பக்கம் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம். பெரியாறு பிரதானக் கால்வாயில் ஜூன் மாதம் தண்ணீர் விட்டால் சோழவந்தான் பக்கம் முதல் போகம் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ அறுப்புக்கு வரும். அதைப் பார்த்துத்தான் பண்டிகை ஞாயிறு குறிக்கப்படுகிறது. அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழன் என்று 1941இல் சட்டமே போட்டுவிட்டார்கள்; கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்கள். நமக்கு வாய்க்கால் சொல்வதுதான் தேதி, அதுவே நல்லது என்று நினைக்கிறோம். கதிர் முற்றாத வாரத்தில் கதிர்க்கட்டுப் படைப்பதில் பொருளில்லை.

பீடத்தின் முன் வைத்த கதிர்க்கட்டு ஆராதனை முடியும்வரை உதிராமல் நின்றதைப் பலரும் கேட்டார்கள். பத்து நெல்மணிக்கு எட்டு பழுத்ததுமே அறுத்துவிட வேண்டும். முழுக்கப் பழுக்கவிட்டால் தூக்கும்போதே கொட்டும். பச்சையாக அறுத்தால் சுருங்கிப் பதராகத் தெரியும். கைப்பிடியளவு கட்டுகளாகக் கட்டி, நிழலில் காற்றோட்டமாகத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள் நம் விவசாய அண்ணன்மார். மழை ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும், மணியும் முளைவிடும்.

வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்க்கும் அக்காமார் கவுளி கவுளியாக வெற்றிலை கொண்டுவந்தார்கள். கோயிலில் வெற்றிலையா என்று சிலர் கேட்டார்கள். கொடிக்காலில் உழைப்பவருக்கு அதுதான் முதற்பலன். அதைப் பீடத்தில் வைக்கத்தான் வேண்டும். வாழைத்தார் கொடுத்தவர்களுக்கும் நன்றி. தாரைத் தரையில் கிடத்தாமல் கயிற்றில் தொங்கவிட்டதால் அடிச்சீப்பு நசுங்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும்: பழுத்த வாழையையும் பப்பாளியையும் கீரைக்கட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பழத்திலிருந்து வரும் வாயு கீரையை ஒரே ராத்திரியில் மஞ்சளாக்கிவிடும். கீரையும் கறிவேப்பிலையும் ஞாயிறு காலையில் வந்தால் போதும்.

அலங்காரம் செய்த வாலிபர் ஐக்கிய சங்கத் தம்பி தங்கைகள் மல்லிகைக்குச் செலவு செய்யாமல் தென்னங்குருத்துத் தோரணமும் மாவிலையும் கோழிக்கொண்டையும் வைத்தே கோயிலை நிறைத்தார்கள். தீபாவளி, முகூர்த்தம் என்று மாட்டுத்தாவணியில் பூ விலை ஏறிக்கிடக்கும் மாதம் இது. மிச்சப்பட்ட பணம் சமையலுக்குப் போனது.

ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) ஆசிரியைகளுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். காலாண்டு விடுமுறை முழுவதும் பிள்ளைகளை வைத்து நன்றிச் சீட்டு எழுதவைத்தது அவர்கள்தான். ஏ4 தாளை நான்காகக் கிழித்த சீட்டு. அதில் இரண்டே வரி: "எதற்காக", "யார் வழியாக". இந்த இரண்டாவது வரியில்தான் சீட்டின் உயிர் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பிள்ளைகள் "எல்லாவற்றுக்கும் நன்றி இயேசப்பா" என்று எழுதி மடித்துப் போட்டுவிடுவார்கள். மறுநாளும் அதையே எழுதுவார்கள், மூன்றாம் நாள் சலித்துவிடும். "இன்றைக்குக் காலையிலிருந்து ஒன்றே ஒன்று சொல்லு" என்று டீச்சர் கேட்டால் பிள்ளை யோசிக்கும். "குழாயில் தண்ணீர் வரும்போது பக்கத்து வீட்டு மதினி எங்கள் குடத்தையும் வைத்துப் பிடித்தார்" என்று ஒரு சீட்டில் இருந்தது. அப்படி எழுதிய சீட்டை வைத்துத்தான் ஜெபிக்க முடியும்.

அடைமழைக் காலம் என்பதால் சீட்டுகளைப் போட்டுவைக்க அட்டைப்பெட்டி வேண்டாம், நமுத்துப்போகும். மூடியுள்ள ஹார்லிக்ஸ் பாட்டிலோ பிளாஸ்டிக் டப்பாவோ போதும். மைப்பேனா ஈரத்தில் கரையும், பென்சிலோ பால்பாயிண்ட்டோ கொடுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு ஆசிரியைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஒரு கிண்ணத்தில் மொச்சைக்கொட்டை. ஆளுக்கொன்றை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எதற்காக என்று வாயால் சொல்லிவிட்டு டப்பாவில் போடுவது. கண் சரியாகத் தெரியாத பாட்டிமாருக்கும் இது கைவந்தது. வாரக்கடைசியில் அந்த மொச்சை குழம்புக்குப் போகும்.

சீட்டை எழுதியதோடு விடாமல், "யார் வழியாக" என்று எழுதியவரையே தேடிப்போய்ச் சொல்லவைத்தார்கள் பாருங்கள், அதற்குத்தான் தனி நன்றி. லூக்கா 17இல் சுகமானவர்கள் பத்துப் பேர், திரும்பி வந்து சொன்னவன் ஒருவன், அவனும் சமாரியன். தபால்கார ஐயா, அங்கன்வாடி அம்மா, தூய்மைப் பணியாளர்கள், மினி பஸ் கண்டக்டர் என்று பிள்ளைகள் போய்ச் சொன்னார்கள். கையில் எதுவும் கொண்டுபோக வேண்டியதில்லை. வேலை நேரத்தில் போய் நிற்காமல், இன்ன காரியத்துக்காக என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வந்தால் போதும்.

வீட்டு ஜெபத்துக்கு ஆயர் ஐயா சொல்லிக்கொடுத்த முறையும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. 136ஆம் சங்கீதத்தில் 26 வசனம், ஒவ்வொன்றும் ஒரே பல்லவியில் முடியும். ஒருவர் முன்பாதியை வாசிக்க, மற்றவர்கள் பல்லவியைச் சொல்ல, கடைசியில் ஆளுக்கொரு வரி சொந்தமாகச் சேர்த்து அதே பல்லவியைச் சொல்வது. பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். சாப்பாட்டுக்கு முன் வையுங்கள், சாப்பிட்ட பின் வைத்தால் பிள்ளைகள் தூங்கிவிழும்.

அடுப்படிக்கு வருவோம். பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார் விடியுமுன் அடுப்புப் பற்றவைத்தார்கள். 100 பேருக்கு அரிசி 12 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, சாம்பாருக்கும் கூட்டுக்குமாகக் காய் 10 கிலோ என்ற கணக்கு மிகாமல் குறையாமல் வந்தது. புது நெல் வந்திருக்கிறதே, அதையே சோறாக்கலாமே என்று கேட்டவர்களுக்கு: புது அரிசி குழையும், பந்திக்கு நிற்காது. அதனால் அசனம் என்கிற சபை விருந்துச் சோற்றுக்குப் பழைய அரிசி, சர்க்கரைப் பொங்கலுக்குப் புதுப் பச்சரிசி. 1 கிலோ அரிசிக்குப் பாசிப்பருப்பு கால் கிலோ, வெல்லம் ஒன்றரைக் கிலோ. வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி, அரிசி நன்றாக வெந்த பிறகே ஊற்ற வேண்டும். முந்தி ஊற்றினால் அரிசி அதற்குமேல் வேகாது. அரைக்கக் கொடுக்குமுன் நெல்லை இரண்டு மூன்று வெயில் காயவைத்துக்கொடுத்த அண்ணனுக்கும் நன்றி. ஈரத்தோடு மில்லுக்குப் போயிருந்தால் பாதி குருணையாகியிருக்கும்.

ஏலம் நடத்தியவர்கள் செய்த ஒரு காரியம் மற்றச் சபைகளும் செய்யத்தக்கது. காணிக்கைப் பொருளை எல்லாம் ஏலத்தில் விடாமல், மூன்றில் ஒரு பங்கை முதலிலேயே பிரித்து வைத்தார்கள். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவருக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று லேவியராகமம் 23 சொல்வது கர்த்தரின் பண்டிகைகளைப் பற்றிய அதிகாரத்துக்கு நடுவில்தான். மீதியையும் சின்னச் சின்னக் கூறாக, ஒரு சீப்புப் பழம், அரைக் கிலோ கத்தரிக்காய், இரண்டு தேங்காய் என்று பிரித்தார்கள். முழுத்தாரை ஏலம் விட்டால் வசதியுள்ள இரண்டு பேருக்குள் போட்டியாகிவிடும், கூலிவேலைக்குப் போகிறவர் கைகட்டி நிற்பார். இந்த முறையில் எல்லோர் கையிலும் ஒரு பை இருந்தது.

பந்தல் போட்டுக் கொடுத்த முஸ்லிம் பாய் அண்ணனுக்கும், பெரிய அண்டாக்களைத் தந்த அம்மன் கோயில் கமிட்டிப் பெரியவர்களுக்கும், பந்தியில் நின்று பரிமாறிய இளவட்டங்களுக்கும் மனமார்ந்த நன்றி. உபாகமத்தின் அந்தக் கூடை உன் நடுவில் இருக்கிற அந்நியனும் சேர்ந்து மகிழ்வதில்தான் முடிகிறது. நீங்கள் எங்களுக்கு அந்நியர் இல்லை. ஒரே வாய்க்கால் தண்ணீர் குடிக்கிறோம்.

இந்த வருஷம் துக்கம் நடந்த வீட்டாருக்கும், பயிர் கைவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களை யாரும் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை. அது வேண்டுமென்றே செய்தது. நன்றி சொல்லு என்று நெஞ்சு நொந்தவரை வற்புறுத்துவது தவறு. அவர்களுக்காக விண்ணப்பச் சீட்டு என்று தனி டப்பா வைத்திருந்தோம். அழுகையும் முறையீடுமான சங்கீதங்கள் வேதத்தில் ஏராளம். அந்தச் சீட்டுகளை ஆயர் ஐயா தவிர யாரும் வாசிக்கவில்லை. அப்படியும் நீங்கள் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்கும் நன்றி.

வரவு செலவு விவரம் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அண்டா, கரண்டி, பாய், சாக்கு தந்தவர்கள் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அடையாளம் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். நன்றிச் சீட்டு டப்பா வாசல் மேஜையிலேயே இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று மறுபடி திறந்து வாசிக்கப்படும்.

கிறிஸ்துவின் அன்பில்,
அறுப்பின் பண்டிகைக் குழுவினர்