ஒரே பெயரில் இரு வேறு இரசாயனங்கள்: குளோரின் மாத்திரை விநியோகம் தொடர்பான புகார்

அனுப்புநர்:
செயலாளர்,
தோட்டக் குடிநீர்ச் சங்கம்,
டிக்கோயா, ஹட்டன்.

பெறுநர்:
முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

விடயம்: எமது குளோரினேற்றும் கருவிக்குப் பொருந்தாத மாத்திரைகளை அறிவித்தலின்றி அனுப்பியமையும், அவற்றைக் களஞ்சியப்படுத்துவது பற்றித் தவறான ஆலோசனை வழங்கியமையும்

எமது தோட்டத்தின் மேற்பிரிவிலுள்ள லயன் குடியிருப்புகளுக்கும் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கும் பாடசாலைக்கும், மலையுச்சி ஊற்றிலிருந்து குழாய்வழியே தானாக இறங்கிவரும் நீரே குடிநீராகும். அந்நீரைக் கிருமி நீக்கம் செய்வதற்காக, நீர் ஓடும்போதே மாத்திரையைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் செல்லும் கருவியொன்றையும் அதற்குரிய மாத்திரைகளையும் உங்கள் நிறுவனத்திடமிருந்து வாங்கியிருந்தோம். கருவியைப் பொருத்த வந்த உங்கள் தொழினுட்பவியலாளர், இதற்குள் கல்சியம் ஹைப்போகுளோரைட்டு மாத்திரையைத் தவிர வேறெதையும் இடக்கூடாது என்று எச்சரித்தார். கருவியின் மூடியிலும் அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது. அந்த முதல் தொகுதி மாத்திரைகளைப் பற்றியோ கருவியைப் பற்றியோ எமக்கு எந்தக் குறையும் இல்லை.

இம்முறை மீள்நிரப்பலாக வந்த வாளிகளில் இருப்பது கல்சியம் ஹைப்போகுளோரைட்டு அன்று. ட்ரைகுளோரோஐசோசயனூரிக் அமிலம், சுருக்கமாக ட்ரைகுளோர் எனப்படுவது. வாளியின் நிறமும் அளவும் உங்கள் முத்திரையும் முன்னையவற்றிலிருந்து சிறிதும் மாறவில்லை. விலைச்சிட்டையிலும் இரண்டு தடவையும் "குளோரின் மாத்திரை" என்று மட்டுமே எழுதப்பட்டுள்ளது. பொருள் மாறியிருப்பதைச் சொல்வது, வாளியின் பின்புறத்தில் ஆங்கிலத்தில், உருப்பெருக்குக் கண்ணாடியின்றி வாசிக்க முடியாத அளவில் அச்சிடப்பட்ட ஒற்றை வரி மட்டுமே. அதற்குக் கீழே நீச்சல் தடாகத்தின் சிறிய படமொன்றும் உண்டு. எமது மலையில் நீச்சல் தடாகம் எதுவும் இல்லை என்பதை உங்கள் விற்பனைப் பிரிவு அறிந்திருக்கும் என நம்புகிறேன்.

இது வெளிவந்தது உங்கள் அறிவித்தலால் அன்று. எமது தாங்கியைப் பராமரிக்கும் இளைஞரின் கவனத்தாலேயே. வாளியைத் திறந்ததும் வழக்கத்தைவிடக் கடுமையான நெடி வந்து கண்கள் எரிந்ததாலும், மாத்திரை முன்னையதைவிட வழுவழுப்பாகவும் இறுக்கமாகவும் இருந்ததாலும் ஐயமுற்ற அவர், கருவிக்குள் அதை இடாமல் வாளியை மூடிவிட்டு என்னிடம் வந்தார். அவ்வேளையில் கருவிக்குள் பழைய மாத்திரைகள் பாதி கரைந்த நிலையில் ஈரத்தோடு கிடந்தன. நான் பல காலம் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தவன் என்பதால், அவர் செய்யாமல் விட்ட அந்தச் செயலின் பொருள் எனக்கு உடனே விளங்கிற்று.

இவ்விரு இரசாயனங்களும் குளோரினைத் தருவன என்பதைத் தவிர இயல்பில் ஒத்தவை அல்ல. கல்சியம் ஹைப்போகுளோரைட்டில் ஏறக்குறைய 65 முதல் 70 சதவீதம் பயன்படு குளோரின் உண்டு. அதன் கரைசல் காரத்தன்மையானது. ட்ரைகுளோரில் அது ஏறக்குறைய 90 சதவீதம்; அதன் கரைசல் கடும் அமிலத்தன்மையானது. இரண்டையும் ஈரத்தில் ஒன்றுசேர்த்தால் வெப்பம் கிளம்பி, குளோரின் வாயுவும் நைதரசன் ட்ரைகுளோரைட்டு என்னும் வெடிக்கும் சேர்வையும் தோன்றக்கூடும். மூடிய கருவிக்குள், அதுவும் குனிந்து மூடியைத் திருகிக்கொண்டிருக்கும் ஒருவரின் முகத்துக்கு நேரே இது நிகழ்ந்தால் என்னவாகும் என்பதை இத்துறையில் வணிகம் செய்யும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே அகப்பையால் இரண்டையும் மாறி மாறி அள்ளுவதுகூட ஆகாது என்று இப்பொருள்களைக் கையாள்வோர் எச்சரிப்பார்கள். நீங்களோ இரண்டையும் ஒரே முகத்தோடு ஒரே முகவரிக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

ட்ரைகுளோர் ஒரு நஞ்சு என்றோ, எங்கும் பயன்படுத்தத் தகாதது என்றோ நான் சொல்லவில்லை. அதனுடன் நீரில் சேரும் சயனூரிக் அமிலத்துக்கு உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 40 மில்லிகிராம் என வழிகாட்டு அளவொன்றைக் குறித்துள்ளது என்பதும், எமது நீரில் அந்த அளவு எட்டப்படாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் அனுப்பிய வாளியில் அது குடிநீருக்கு உகந்தது என்பதற்கான எந்தச் சான்றுக் குறியும் இல்லை. மேலும் எமது ஊற்று நீர், மலைநாட்டின் பெரும்பாலான ஊற்றுகளைப் போலவே, கல்சியம் குறைந்த மென்னீர். சற்றே அமிலச் சார்புடையது. காரத்தன்மையுள்ள பழைய மாத்திரை அதற்குப் பொருந்தியது. அமிலத் தன்மையுள்ள மாத்திரையை ஆண்டுக்கணக்கில் கரைத்து அனுப்பினால், லயன்களுக்குச் செல்லும் பழைய இரும்புக் குழாய்கள்தாம் முதலில் அரிக்கப்படும். ட்ரைகுளோர் நீரில் மிக மெதுவாகவே கரையும் என்பதால், வேகமாகக் கரையும் மாத்திரைக்கென அமைக்கப்பட்ட கருவியில் அது எவ்வளவு குளோரினை விடும் என்பதை உங்களாலும் சொல்ல முடியாது, எம்மாலும் அளந்து நம்ப முடியாது.

இனி, உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுடன் தொலைபேசியில் பேசியபோது கிடைத்த பதில்களுக்கு வருகிறேன். உண்மையில் மாத்திரை மாறி வந்ததைவிட இப்பதில்களே என்னை இக்கடிதத்தை எழுத வைத்தன. ஏனெனில் மாறி வந்த சரக்கு ஒரு லொறியோடு முடிந்துவிடும், இந்த ஆலோசனைகளோ தொலைபேசி எடுக்கும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் போய்ச் சேரும்.

"இரண்டும் குளோரின்தானே, போட்டுப் பாருங்கள், சோதனையில் நிறம் வராவிட்டால் இன்னும் இரண்டு மாத்திரை கூட்டுங்கள்" என்பது முதலாவது பதில். நாம் பயன்படுத்துவது டிபிடி முறைச் சோதனை; நீரில் குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். குளோரின் அளவு மிகையாகிவிட்டால் அதே குளோரின் அந்நிறத்தை வெளிற்றிவிடும் என்பதும், அப்போது நீர் நிறமற்றுத் தெரியும் என்பதும் உங்கள் அலுவலருக்குத் தெரிந்திருக்கவில்லை. நிறம் வராதபோது மாதிரியைச் சுத்தமான நீரால் ஐதாக்கி மீண்டும் சோதிக்கச் சொல்லியிருக்க வேண்டும். 10,000 லீற்றர் நீரில் லீற்றருக்கு 1 மில்லிகிராம் குளோரின் கிடைப்பதற்கு, 65 சதவீத மாத்திரையில் ஏறக்குறைய 15 கிராம் போதும். அந்நீர் குளோரினை உறிஞ்சும் அழுக்கற்றதாக இருந்தால் அதுவே கணக்கு. உங்கள் மாத்திரை ஒவ்வொன்றும் 200 கிராம். இப்படியிருக்க "இன்னும் இரண்டு" என்பதைத் தொலைபேசியில் அவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடாது. மழைக்காலத்தில் ஊற்று கலங்கும்போது குளோரின் தன் வேலையைச் செய்யாது, முதலில் நீர் தெளிய வேண்டும், பின்னர் குறைந்தது 30 நிமிடமாவது நீரும் குளோரினும் சேர்ந்திருக்க வேண்டும் என்பவற்றை அவர் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

இரண்டாவது, களஞ்சியம் பற்றியது. "தோட்டத்தில் உர ஸ்டோர் இருக்குமே, அங்கே ஒரு மூலையில் வைத்துவிடுங்கள்" என்றார். ஒரு தேயிலைத் தோட்டத்தின் உர ஸ்டோரில் என்ன இருக்கும் என்பதை அவர் ஒரு கணம் எண்ணிப் பார்த்திருக்கலாம். யூரியா மூட்டைகளும் அமோனியம் சல்பேற்று மூட்டைகளும் அங்கேதான் அடுக்கப்பட்டிருக்கின்றன. குளோரின் மாத்திரைகள் அவற்றோடு ஈரத்தில் சேர்ந்தால், மேலே நான் குறிப்பிட்ட அதே நைதரசன் ட்ரைகுளோரைட்டு உருவாகும் வாய்ப்பு உண்டு. பக்கத்தில் மின்பிறப்பாக்கிக்கான டீசல் பீப்பாய், எண்ணெய்க் கறை படிந்த துணிகள், வெற்றுச் சாக்குகள், களைகொல்லிப் போத்தல்கள். கல்சியம் ஹைப்போகுளோரைட்டு தானாக எரிவதன்று. ஆனால் எண்ணெயோ கிரீஸோ சாக்குத் தூசியோ படும்போது தீப்பொறி எதுவுமின்றியே அவற்றைப் பற்றவைக்கும் ஒட்சியேற்றி அது. சர்வதேச அடையாளமாகிய, வட்டத்தின் மேல் சுவாலை எரியும் குறி, உங்கள் முதல் தொகுதி வாளிகளில் இருந்தது. இப்போது வந்தவற்றில் அக்குறியின்மேல் உங்கள் விலைச்சீட்டு ஒட்டப்பட்டுள்ளது.

தீயணைப்பு பற்றிக் கேட்டதற்கு "சாதாரணத் தூள் தீயணைப்பான் ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். எமது தோட்டத்திலுள்ள தூள் தீயணைப்பான்களில் நிரப்பப்பட்டிருப்பது அமோனியம் பொசுபேற்று. இவ்விரசாயனங்களின்மேல் அதைத் தூவுவது தீயை அணைப்பதற்கு மாறாக வேறொரு ஆபத்தை வரவழைப்பதாகும். தொலைவிலிருந்து ஏராளமான நீரைப் பாய்ச்சுவதே வழி. கொஞ்சமாக நீர் தெளிப்பதும் தீமையையே தரும்.

ஈரம் என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் எமது இடம். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் மீண்டும் இடிமழை. இடைப்பட்ட நாள்களிலும் மாலையானால் பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வந்துவிடும். தகரக் கூரையின் ஆணித்துளைகள் ஒழுகாத கட்டிடம் இங்கே அரிது. 2020 ஓகஸ்டில் லோறா சூறாவளி அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைத் தாக்கியபோது, ட்ரைகுளோர் களஞ்சியமொன்றுக்குள் மழைநீர் புகுந்து, அது வினையாற்றித் தீப்பற்றி, சுற்றுப்புறமெங்கும் குளோரின் பரவியது. 2024 செப்டெம்பரில் ஜோர்ஜியா மாநிலத்தின் கொன்யர்ஸ் நகரிலும் இத்தகைய களஞ்சியமொன்றில் தீ ஏற்பட்டு ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். அவை பெருங் களஞ்சியங்கள், எம்மிடம் இருப்பவை சில வாளிகள்தாம். என்றாலும் குளோரின் வாயு காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது, சரிவில் கீழ்நோக்கி இறங்கும், எமது ஸ்டோருக்கு நேர் கீழே இருப்பது பிள்ளைப் பராமரிப்பு நிலையம்.

மூன்றாவது பதிலை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்ததை மறைக்கவில்லை. "வேண்டாமென்றால் ஓடையில் கரைத்துவிடுங்கள்" என்றார் உங்கள் அலுவலர். எமது ஓடை கெஹெல்கமு ஓயாவில் விழுந்து காசல்றீ நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து அந்நீர் களனி கங்கையாகிக் கொழும்பை நோக்கிச் செல்கிறது. அம்பத்தளையில் அதை எடுத்துச் சுத்திகரித்துத்தான் உங்கள் நகரம் குடிக்கிறது. அவ்வளவு தூரம் போகுமுன் ஓடை மீன்கள் மடிந்துவிடும் என்பது வேறு கதை.

இப்போது கருவியை மூடி, நீரை அதன் பக்கக் குழாய்வழியே விடுகிறோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மேற்பார்வையில் தாங்கிக்கு வெளிற்றும் தூள் இடப்படுகிறது. அதன் வலிமை விரைவில் குறைந்துவிடுவதால் அடிக்கடி அளக்க வேண்டியிருக்கிறது. கொதிக்க வைத்துக் குடிக்குமாறு வீடுகளுக்கு அறிவித்துள்ளோம். விடியுமுன் சமைத்து வைத்துவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்களுக்கு இது கூடுதல் விறகும் கூடுதல் நேரமும் ஆகும். அச்செலவு எந்த விலைச்சிட்டையிலும் வராது.

ஆகவே நீங்கள் அனுப்பிய ட்ரைகுளோர் வாளிகள் அனைத்தையும், திறந்த ஒன்று உட்பட, உங்கள் செலவிலேயே திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு கோருகிறேன். அரிசி மூட்டையோ உரமோ எரிபொருளோ ஏற்றாத, மேலே மூடிய தனி வாகனம் வர வேண்டும். பயணிகள் பேருந்தின் பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்ல வேண்டாம். அவற்றுக்குப் பதிலாக, குடிநீருக்கென என்எஸ்எஃப் 60 தரத்தின்கீழ் அல்லது அதற்கு நிகரான தரத்தின்கீழ் சான்று பெற்ற கல்சியம் ஹைப்போகுளோரைட்டு மாத்திரைகளை, உற்பத்தித் திகதியும் பயன்படு குளோரின் சதவீதமும் குறிக்கப்பட்ட வாளிகளில் அனுப்புங்கள். உங்களிடம் அது இருப்பில் இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். "அதைப் போன்ற ஒன்று" எமக்கு வேண்டாம். இரு பொருள்களுக்குமான பாதுகாப்புத் தரவுத் தாள்களையும் உடனே அனுப்பி வையுங்கள்.

வாளியின் மேல் எழுதப்படும் எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். இரண்டும் இந்நாட்டின் அரச கரும மொழிகள். அதைவிட முக்கியமாக, வாளியைத் திறப்பவர் வாசிக்கும் மொழிகள் அவையே. பொருளின் பெயர், வேறெந்தக் குளோரின் பொருளோடும் கலக்கக்கூடாது என்பது, மாத்திரையைத்தான் நீரில் இட வேண்டும், மாத்திரையின்மேல் நீரை ஊற்றக்கூடாது என்பது, கையுறையும் கண்ணாடியும் அணிந்து காற்றோட்டமுள்ள இடத்தில் திறக்க வேண்டும் என்பது ஆகிய இவ்வளவும் ஒரு கையளவு தாளில் அடங்கும். இரண்டு பொருள்களையும் தொடர்ந்து விற்பீர்களானால், வாளிகளின் நிறத்தையாவது வேறுபடுத்துங்கள். எழுத்து வாசிக்காதவரையும் நிறம் தடுத்து நிறுத்தும்.

இதே தொகுதியிலிருந்து மலைநாட்டின் வேறு தோட்டங்களுக்கும் வாளிகள் சென்றிருக்கக்கூடும். அவர்களுக்கு நீங்கள் கடிதம் எழுதிக் காத்திருக்காமல் இன்றே தொலைபேசியில் அறிவிக்க வேண்டும் என்பதே எனது கோரிக்கைகளில் மிக அவசரமானது. அவ்வாறு அறிவித்த பட்டியலை எமது பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அனுப்பி வையுங்கள். இக்கடிதம் கிடைத்து 14 நாள்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், விலைச்சிட்டைகளினதும் இரு வாளிகளின் புகைப்படங்களினதும் பிரதிகளோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவோம்.

வாகனம் வரும் நாளை முன்கூட்டியே தெரிவியுங்கள். வாளிகள் தற்போது உர ஸ்டோரில் இல்லை. ஆளற்ற, காற்றோட்டமுள்ள பழைய காவற் கொட்டிலில், தரையிலிருந்து உயர்த்திய பலகைமேல் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. மழையில்லாத முற்பகல் வேளையில் மட்டுமே அவற்றை ஒப்படைப்போம். ஏற்ற வருபவர் கையுறையும் முகக்கவசமும் கொண்டுவர வேண்டும். எம்மிடம் இருப்பவை எமது ஊழியருக்கு மட்டுமே போதுமானவை.

இங்ஙனம்,
உண்மையுள்ள,

(ஒப்பம்)
செயலாளர்,
தோட்டக் குடிநீர்ச் சங்கம்.

பிரதிகள்: சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தோட்ட முகாமையாளர்.