கொக்கி எங்கே மாட்டியிருக்கிறது?

செந்தூல்
ஞாயிற்றுக்கிழமை

தம்பி,

அம்மா அனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்ததா? மூன்று வாரமாக வீடியோவில் முகம் காட்டாமல் குரல் மட்டும்தான். வேலை அதிகம் என்கிறாய். சரி.

பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைக்குப் பெயர்ப்பலகை ஏற்றுகிறாயாம், அக்கா சொன்னாள். பூம் லிப்ட், அதாவது நீளக் கையின் நுனியில் ஆளைக் கூடையில் தூக்கும் வண்டி என்றால், உன் பாதுகாப்புப் பட்டைக் கயிற்றின் கொக்கியைக் கூடைக்குள் இருக்கும் வளையத்தில் மாட்டு. கயிறு குட்டையாக இருக்கட்டும், கூடையின் தடுப்புக் கம்பியைத் தாண்டி உன்னை வெளியே விடக்கூடாது. கீழே சக்கரம் சின்னக் குழியில் இறங்கினாலே மேலே கூடை கவண் மாதிரி உதறும். எட்டவில்லையா, வண்டியை நகர்த்து. கம்பிமேல் ஏறாதே.

வெளியில் ஓட்டும் வண்டித் தகட்டில் பெரும்பாலும் வினாடிக்கு 12.5 மீட்டர் காற்று வரைதான் என்றிருக்கும். கட்டடத்துக்குள் மட்டும் ஓட்டும், கத்தரிக்கோல் மாதிரி விரிந்து நேரே ஏறும் சிசர் லிப்டில் அது 0. பலகையைப் பிடித்து நின்றால் அதுவே பாய்மரம், தகட்டுக் கணக்கை நம்பாதே. தகட்டில் 227 கிலோ எடை என்றிருந்தால் நீ, உன் சாமான், பலகை எல்லாம் சேர்த்துத்தான். மத்தியானம் வானம் கறுத்தால் இறங்கிவிடு.

காலையில் ஏறுமுன் வண்டியின் கீழே இருக்கும் இயக்கும் பெட்டியிலிருந்தே தூக்கி இறக்கிப் பார். வண்டியை நிறுத்தும் சிவப்புப் பொத்தான், அவசர இறக்கம் இரண்டையும் சோதி. உத்தரத்துக்கும் கம்பிக்கும் நடுவே நீ நசுங்கிவிட்டால் உன் கை எதற்கும் எட்டாது. கீழே நிற்பவன்தான் இறக்க வேண்டும். அவன் வங்காளதேசத்துப் பையனா, மலாயில் சொல்லிக் கொடு. கேட்டுத் தலையாட்டினால் போதாது, உன் கண் முன்னால் அவனே இறக்கிக் காட்டட்டும். கொக்கியை மறக்காதே.

பாஸ் அவசரப்படுத்தினால் பயப்படாதே. 2024 ஜூன் 1 முதல் மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் 26A பிரிவு இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதைச் சரிசெய்யாவிட்டால் நீ அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். இதெல்லாம் உனக்குத் தெரியும். லிப்ட் பயிற்சியை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணியவன் நீ, கோயிலில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லத்தான் வாய் வருவதில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். என்னோடு வேலைக்கு வந்தபோது, கூடையைவிடக் கூரை உத்தரம் கெட்டி என்று அதில் மாட்டச் சொன்னது நான்தான். அது தப்பு. கூடை இறங்கும், நகரும், உத்தரம் நகராது. நடுவில் கட்டிக் கிடப்பவனைக் கூடையிலிருந்து இழுத்து வெளியே போட்டுவிடும். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்தது. இன்னும் அப்படித்தான் மாட்டுகிறாயா?

பதில் எழுது. வலது கையால் எழுத வராவிட்டால், பட்டர்வொர்த்திலிருந்து அக்கா வந்து எழுதித் தரட்டும்.

அப்பா