மாமாவின் நோட்டுகளை அனுப்புவதற்கு முன்

கண்ணம்மா,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். "மாமா மாத்திரையே போடாமல் இருந்திருந்தால் இன்னும் பெரிய ஓவியராக வந்திருப்பாரோ?" என்றாய். உடனே பேசினால் கோபமாக வந்துவிடுமோ என்று பயம். கோபம் உன்மேல் இல்லை. இதே கேள்வியை அவனே என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான், ஒரு தடவை மாத்திரையை நிறுத்தியும் பார்த்துவிட்டான்.

21 வயதில் அவனுக்கு இருமுனை மனநோய், அதாவது அளவு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய், என்று தெரிந்து லித்தியம் மாத்திரை ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்தில் பழைய தம்பி எனக்குத் திரும்பக் கிடைத்தான். ஆனால் அந்த மாத்திரைக்குக் கை லேசாக நடுங்கும். கையெழுத்துப் போடுகிறவனுக்கு அது பெரிய விஷயமில்லை, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில் கோடு இழுக்கிறவனுக்கு அதுதான் எல்லாமே. அந்த நடுக்கத்தை நானும் பார்த்தேன். தூங்குகிறான், நன்றாகப் பேசுகிறான், இது போதும் என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு.

யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினான். அடுத்த நாலு வாரத்தில் பதினோரு நோட்டு. ராத்திரி பகல் தூக்கமில்லை, களைப்பும் இல்லை, தன்னைப்போல் வரைய உலகத்தில் ஆளில்லை என்று அவனுக்குத் தோன்றியது. பார்சலில் அவையும் வருகின்றன, பொறுமையாகப் பார். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு கண், அடுத்ததில் பாதி முகம், அப்புறம் பத்துப் பக்கத்துக்கு வெறும் அம்புக்குறிகள், கடைசி நோட்டில் பென்சில் அழுத்தித் தாளே கிழிந்திருக்கும். முடிந்த படம் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பின்னால் ஒரு நோட்டு இருக்கிறது, அதில் பக்கத்துக்கு ஒரு தேதி மட்டும் போட்டிருப்பான், கீழே ஒன்றுமே இருக்காது. ஐந்து மாதம் அப்படிப் போனது.

அப்புறம்தான் நடுக்கத்தைப் பற்றி டாக்டரிடம் வாய் திறந்தான். ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அளவைக் கொஞ்சம் குறைத்தார், பெரும்பாலும் அடங்கிவிட்டது. இவ்வளவுதான் விஷயம், முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

நோயோடுதானே அவ்வளவு வரைந்தார் என்று ஓவியர் வான்கோவைச் சொல்வாய், தெரியும். 1889-ல் மனநல விடுதியில் இருந்த அந்தக் கோடையில் நோய் முற்றிய வாரங்களில் அவரால் வரையவே முடியவில்லை, தெளிந்த பிறகுதான் மறுபடி தூரிகையை எடுத்தார். மாமாவும் அப்படித்தான். கை அவனுடையது. நோய் அதை அவ்வப்போது பிடுங்கிக்கொண்டது.

நீ கேட்காமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நோய் பொதுவாக 100-ல் ஒருவருக்கு வருவது. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் 100-ல் 5 முதல் 10 பேருக்கு வரலாம். மாமா உறவுக்கு அதைவிடக் குறைவு. நீ வரைவதால் உனக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை, நீயும் நினைக்காதே. ஆனால் நாலைந்து நாள் தூங்காமலேயே உடம்பில் தெம்பு பொங்குகிறது என்றால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு.

அவன் போனது மாரடைப்பில். நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவனைப் பழைய மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு மனப்பதற்றம் என்று திருப்பி அனுப்பினார்கள். அதை இன்று என்னால் எழுத முடியாது கண்ணு.

அடியில் ஒரு பச்சை அட்டை நோட்டு இருக்கும். நீ எட்டு மாதக் குழந்தை, என் தோளில் தூங்குகிறாய். மாத்திரை போட்டுக்கொண்டிருந்த வருஷம். காதோரத்தில் கோடு கொஞ்சம் நடுங்கியிருக்கும், அழிக்காமல் அதையே முடியாக மாற்றிவிட்டான். பென்சில் படம், விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துப் பார்.

அம்மா