பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கு,

எஞ்சினில் பெற்றோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கில் போலி விற்கும் விவகாரம் உங்களுக்குப் புதிதல்ல. எங்கே அசல் கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால் நேரடியாகவே கேட்கிறேன்: விற்கும் பிளக்கிற்குக் கம்பனிப் பெயரும் இலக்கமும் எழுதி பில் தாருங்கள். போலி என்றால் திருப்பி எடுங்கள்.

அப்பாவின் பழைய மொரிஸ் மைனர் காருக்கு உங்கள் தெருக் கடையொன்றில் நாலு பிளக் வாங்கினேன். பெட்டியில் பிபி6இஎஸ் என்ற பிளக் இலக்கம் இருந்தது. கொஞ்ச நாளில் எஞ்சின் உதறத் தொடங்கியது. காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வந்த வண்டியில் எல்லாப் பிளக்கும் கறுத்துத்தான் இருக்கும். ஆகவே ஞாயிறு அதிகாலை, வெறும் வீதியில் ஒரே வேகத்தில் ஓட்டி, கிளச்சை மிதித்து, எஞ்சினை நிறுத்தி ஓரங்கட்டிக் கழற்றினோம். மூன்று பிளக் நல்ல பிஸ்கட் நிறம், ஒழுங்காக எரிகிறது என்று அர்த்தம். இரண்டாவது மட்டும் கரி அப்பிக் கிடந்தது.

இந்த எஞ்சினில் முதலாம், இரண்டாம் சிலிண்டர்களுக்கு ஒரே வாசலால்தான் பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவை போகிறது. காபரேற்றர் பெற்றோலைக் கூடுதலாக விட்டிருந்தால் முதலாவதும் கறுத்திருக்க வேண்டும். கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு, நாலிலும் சமம். வால்வ் இடைவெளியும் சரி. அப்புறம் கராஜ் பாஸ் இரண்டாவது பிளக்கையும் நாலாவதையும் இடம் மாற்றிப் போட்டார். கரியும் கூடவே நாலாவதுக்குப் போய்விட்டது. சிலிண்டரில் குறை என்றால் கரி இரண்டாவதிலேயே நின்றிருக்கும்.

அந்தப் பிளக்கின் எழுத்து நகத்தால் சுரண்டினால் உரிகிறது. வாஷர் விரலால் சுழற்றினாலே கழன்று வருகிறது. பிளக் முனை 450 பாகை செல்சியஸ் அளவிற்காவது சூடேறினால்தான் படியும் கரி தானாக எரியும். இது அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. கொண்டுபோய்க் காட்டினால், "பிஸ்டன் ரிங் போயிருக்கும் அங்கிள், எஞ்சினைப் பாருங்கோ, மாத்தித் தர ஏலாது" என்றார்கள்.

இதே பதிலை நம்பி, அதே கராஜுக்கு வரும் ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் கடன் வாங்கி எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றினார். புகை நிற்கவில்லை. வேறு பிளக் போட்டதும் நின்றது. எஞ்சின் பிரிபட்ட நாட்களில் அவருக்கு ஹயர் இல்லை, வீட்டில் வருமானம் இல்லை. அந்தக் கடனுக்கு யார் பொறுப்பு?

பிளக் மட்டுமா? பிரேக் ரப்பரிலும் இதே கதைதான், அங்கே போவது உயிர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய வண்டிகளை வைத்தே காலம் தள்ளிய நாடு இது. அத்தனை பேரும் உங்கள் தெருவுக்குத்தானே வந்தோம்! வாடிக்கையாளரை ஏமாற்றுவது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டப்படியும் குற்றம்.

முறைப்பாட்டுக்கு முன் உங்களிடமே கேட்பதுதான் மரியாதை என்று நினைக்கிறேன். நேர்மையாகக் கடை நடத்துபவர்கள் உங்களில் நிறையப் பேர். அவர்களே முன்வந்து தொடங்கலாம். தயவுசெய்து, கம்பனிப் பெயரும் இலக்கமும் போட்டு பில் தாருங்கள். போலியைத் திருப்பி எடுங்கள். அந்தப் பிளக் என்னிடம்தான் இருக்கிறது, பார்க்க விரும்பினால் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்